அறுத்துக்கட்டும் உரிமையும் பிள்ளையின் இடமும்



'அறுத்துக்கட்டுகிற சாதி' என்று நம்மை ஏசுவார்கள். நம் பாட்டிமார் அந்த வசையைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தவர்கள். ஒத்துவராத கணவனை ஊர்க்கூட்டத்தின் முன் தீர்த்துவிட்டு, பரிசப்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறொரு வாழ்க்கையைத் தொடங்கினார்கள். சில ஊர்களில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் போதும், உறவு முடிந்தது. சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்ட மேல்சாதிப் பெண்ணுக்கு இல்லாத வழி, கூலிக்கு நாற்று நட்ட பெண்ணுக்கு இருந்தது. இழிவென்று நமக்குச் சொல்லப்பட்டது உண்மையில் ஓர் உரிமை.

இதை அரசியல் வாதமாக்கியவர் அண்ணல் அம்பேத்கர். மணவிலக்கு இந்துப் பண்பாட்டை அழித்துவிடும் என்று எதிர்த்தவர்களுக்கு 1949 பிப்ரவரியில் அவையில் பதில் சொன்னார். சூத்திரர் எனப்படுவோரிடம் மணவிலக்கு வழக்கமாகவே இருக்கிறது; இந்துக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அவர்களே; எஞ்சிய சிறுபான்மையின் வழக்கத்தை எல்லோர் மீதும் ஏன் சுமத்த வேண்டும் என்பதே அவர் கேள்வி. பரோடா அரசு 1931லேயே மணவிலக்குச் சட்டம் கொண்டுவந்திருந்தது. பம்பாய் 1947இலும் சென்னை மாகாணம் 1949இலும் அதைச் செய்தன. ஆனால் டெல்லியில் இந்துச் சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அண்ணல் பதவி விலகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1955இல் இந்துத் திருமணச் சட்டம் தனியாக வந்தது. அதன் 29(2) பிரிவு வழக்காற்று மணவிலக்கை அப்படியே விட்டுவைத்தது. ஆனால் வழக்கம் இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் சுமை அதைக் கோருபவர் தலையில் விழுந்தது. பஞ்சாயத்தில் எழுதிய முச்சலிக்கையை மட்டும் நம்பி மறுமணம் செய்த எத்தனையோ பெண்கள், சீவனாம்சமோ சொத்தோ கேட்டுப் போனபோது மனைவியே அல்ல என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

பழையதைப் புகழ்ந்து மட்டும் நாம் நின்றுவிடக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். பெண் போகலாம், பிள்ளை போகக் கூடாது என்றே பெரும்பாலும் தீர்ப்பு வந்தது. கைக்குழந்தையைப் பால் மறக்கும்வரை தாய் வளர்ப்பாள். பிறகு அப்பன் வீட்டில் விட வேண்டும். அறுத்துக்கட்டும் உரிமைக்குப் பெண் கொடுத்த விலை அது.

அரசின் சட்டமும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராகவும் அவருக்குப் 'பிறகு' தாயையும் வைத்தது. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம், அவ்வளவுதான். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 'பிறகு' என்பது தந்தையின் மரணத்துக்குப் பிறகு என்று மட்டும் பொருள்படாது என 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில், பெற்றோர் இருவரும் சேர்ந்து பிள்ளையைப் பொறுப்பேற்கும் முறையைப் பரிந்துரைத்தது.

நமக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. எங்களோடு களத்தில் நின்ற தோழர் ஒருவர் சாதி மறுப்புத் திருமணம் செய்தவர். கணவர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர். பிரிந்தபின் மகள் சேரியில் தாயோடு வளர்ந்தாள். சாதிச் சான்றிதழுக்குப் போனபோது, "அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா" என்றார்கள். நான்கு முறை அலைந்தார் அம்மா. அந்தப் பெண் குடத்தோடு குழாயடியில் ஒதுக்கி நிறுத்தப்பட்டபோது யாரும் அப்பாவின் சாதியைக் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தந்தையின் சாதிதான் என்று இயந்திரம்போல் முடிவுகட்டக் கூடாது, எந்தச் சூழலில் வளர்ந்தது, எதையெல்லாம் அனுபவித்தது என்று பார்க்க வேண்டும் என 2012இல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் கையில் கொடுத்தும் காரியம் நடக்கவில்லை. கடைசியில் அந்தத் தந்தையே வந்தார். மகள் தாயின் சமூகத்தவளாகவே வளர்கிறாள் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மனைவியோடு பேச்சு இல்லாதவர், மகளுக்காக அவரோடு ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிரிந்தபின் சேர்ந்து வளர்ப்பது என்றால் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவது மட்டுமல்ல. பள்ளிக் கட்டணம், காய்ச்சல் இரவு, சான்றிதழ் வரிசை எல்லாவற்றிலும் இருவரும் நிற்பது.

நம் இயக்கங்கள் சாதி மறுப்புத் திருமணங்களை மேடை போட்டு நடத்துகின்றன. அந்தத் திருமணம் முறியும்போது, "சொந்த விஷயம்" என்று விலகிக்கொள்கிறோம். மாலை எடுத்துக் கொடுத்த நாம், பிரிவின்போதும் பிள்ளையின் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு வழக்கறிஞர், பெண்களும் அமர்ந்த ஒரு சிறு குழு, பிள்ளை இருவரையும் பயமின்றிச் சந்திக்க ஒரு வீடு என்று தொடங்கலாம். அடித்தவனிடம் பிள்ளையைக் காட்டி மனைவியைத் திரும்ப அனுப்பும் பஞ்சாயத்தாக அது மாறிவிடக் கூடாது.

பாட்டிமார் நமக்கு விட்டுச்சென்றது போகும் உரிமை. பிள்ளையை இழக்காமல் போகும் உரிமையை நம் பேத்திகளுக்கு நாம் விட்டுச்செல்வோம்.

ஜெய்பீம்.