உமரி

ஏரல் பக்கம், தாமிரபரணியை ஒட்டி உமரிக்காடு என்றோர் ஊர். உமர் என்ற பெயருக்குக் காயல்பட்டினத்தில் பஞ்சமில்லை என்பதால், அந்த ஊர்ப்பெயரிலும் ஓர் உமரைத் தேடத் தோன்றும். தேட வேண்டாம். உமரி ஒரு செடி. பெரும்பாலும் முழங்காலுக்கு வராத செடிக்குக் காடு என்ற பட்டமா? நம் பக்கத்துப் பேச்சில் ஒன்று அடர்ந்து நின்றாலே காடுதான்: உடங்காடு, பனங்காடு, அதுபோல உமரிக்காடு.

காயல்பட்டினத்துக்கும் புன்னைக்காயலுக்கும் நடுவிலுள்ள களரிலும், ஆறுமுகநேரி உப்பளங்களின் வரப்பிலும் உமரியைத் தேடலாம். ஆனால் இந்த ஒரு பெயருக்குள் குறைந்தது மூன்று செடிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இலையே கிடையாது; பச்சைப் பாசிமணியைக் கோத்ததுபோலக் கணுக்கணுவாகச் சதைத்திருக்கும், ஈரம் வற்றும் காலத்தில் தண்டு செக்கச்செவேலென்று மாறும். இன்னொன்று குட்டையாகக் கிளைத்து, ஒல்லியாக உருண்டு திரண்ட இலைகளோடு நிற்கும். மூன்றாவது கருவுமரி, அடி கட்டையாகி ஆளுயரத்துக்கு வளரும் புதர். எதைக் கிள்ளினாலும் விரலில் நீர் கசியும், நாக்கில் வைத்தால் உப்பு. வேர் இழுத்த உப்பைத் தள்ளாமல், இலையிலும் தண்டிலும் நீரோடு சேர்த்து அடைத்து வைத்துக்கொள்வதுதான் இவற்றின் பிழைப்பு.

சொல்லுக்கு வேர் ‘உவர்’ என்பது என் முடிவு. விழுங்கு முழுங்கு ஆகிறது, விஞ்சு மிஞ்சு ஆகிறது, வானம் மானம் ஆகிறது. உவரி உமரியாவதில் வியப்பில்லை. உவரி என்றால் கடல். திருச்செந்தூருக்குத் தெற்கே அந்தப் பெயரிலேயே கடற்கரை ஊர் இருக்கிறது. சங்ககால உப்பு வணிகரான உமணரையும் இந்தக் கணக்கில் சேர்க்க ஆசை வரும். ரகரத்துக்கும் ணகரத்துக்கும் முடிச்சுப் போட எனக்குத் துணிச்சல் இல்லை, அதை விட்டுவிடுகிறேன்.

கடற்கரை ஏழைகளுக்கு உமரி கீரை. கொழுந்தைக் கிள்ளி வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். அப்புறமும் உப்புப் போடத் தேவையிருக்காது. கீரையைவிடப் பெரிய கதை சாம்பலில் இருக்கிறது. காய்ந்த உமரியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் சோடா உப்பு நிறைய. அதன் காரத்தோடு எண்ணெயோ கொழுப்போ சேர்ந்தால் சவுக்காரம். சலவைத் தொழிலாளர் துணி வெளுக்க உவர்மண்ணைத் தேடிப் போனதும் அதிலுள்ள இதே சோடாவுக்காகத்தான்.

அரபு மொழியில் இந்தச் சாம்பலுக்குப் பெயர் ‘அல்கிலி’. வறுத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். ஐரோப்பியர் அதை வாங்கி ‘ஆல்கலி’ ஆக்கினார்கள். நம் பள்ளிப் பாடநூலில் அமிலத்துக்கு எதிரே நிற்கும் காரம் அதுவே. செடிக்கும் அரபுப் பெயர்தான் நிலைத்தது. 1761இல் டென்மார்க்கிலிருந்து அரேபியாவுக்குப் புறப்பட்ட ஆய்வுக்குழுவில் இருந்த பீட்டர் ஃபோர்ஸ்கால், அங்கே வழங்கிய பெயரை ஒட்டிக் கருவுமரியின் பேரினத்துக்குச் ‘சுவேடா’ என்று பெயர் வைத்தார். 1763இல் ஏமனில் இறந்துபோனார். அவர் எழுதிய நூல் 1775இல்தான் அச்சேறியது. அந்த அரபுப் பெயருக்குக் கருமையே அடிப்படை என்பர். அரபு வாசிக்கத் தெரிந்த காயல்பட்டினத்துக்காரருக்கு அதில் கருவுமரியின் ‘கரு’ உடனே தட்டுப்படும். யாரிடமிருந்தும் யாரும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. செடியைப் பார்த்தவர்கள் அவரவர் மொழியில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே.

ஸ்பெயின் கரையோரத்தில் இந்த இனத்துச் செடிகளைப் பயிரிட்டே எரித்தார்கள். கண்ணாடிக்கும் சோப்புக்கும் அந்தச் சாம்பல் கப்பலேறியது. பிரான்சில் நிக்கோலா லெபிளாங்க் சாதாரண உப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்கு 1791இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் சாம்பல் வணிகம் மெல்லப் படுத்தது. செடி செய்த வேலை ஆலைக்குப் போயிற்று. காயல்பட்டினத்தை ஒட்டிய சாகுபுரத்தில் 1950களின் கடைசியிலிருந்து உப்பைக் கொண்டு காஸ்டிக் சோடா தயாராகிறது.

உமரியைக் கீரைக்குப் பறிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இனம் உப்பை மட்டும் இழுப்பதில்லை. மண்ணில் ஈயமோ பாதரசமோ இருந்தால் அதையும் சேர்த்து இழுத்து வைத்துக்கொள்ளும். கழிவுநீர் போகும் ஓடைப் பக்கம் பறிக்காதீர்கள்.