வண்டியிலேயே ஒளித்து வைத்த திறப்பு



போன விடுமுறையில் குடும்பத்தோடு கண்டக்குழிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் வேனின் திறப்பு உள்ளே ஆசனத்தில் கிடக்கிறது. எல்லாக் கதவும் பூட்டு. "பயப்பட வேணாம், பம்பருக்குக் கீழே ஸ்பெயார் திறப்பு வெச்சிருக்கேன்" என்று வேன்கார நானா குனிந்தார். காந்தப் பெட்டி ஒட்டியிருந்த இடத்தில் துருதான் இருந்தது. பெட்டி எந்தக் குழியில் விழுந்ததோ! பிள்ளைகள் ஈர உடுப்போடு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வாகனத் திறப்பின் வரலாற்றைத் தேடி வாசித்தோம். பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஆரம்ப காலக் கார்களை ஓட்டத் திறப்புத் தேவைப்படவில்லை. முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால் எஞ்சின் ஓடும். 1912 இல் கெடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்தது. ஃபோர்ட் மொடல் டி கார்களுக்குத் திறப்பு இருந்தது. ஆனால் இலட்சக்கணக்கான கார்களுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வகைத் திறப்புகள்தான். உங்கள் காரைத் திருட உங்கள் திறப்பே வேண்டும் என்றில்லை. எங்கள் ஊர்களில் ஓடிய பழைய மொரிஸ் மைனரிலும் திறப்பைப் போட்டுவிட்டு வேறொரு குமிழை இழுத்தால்தான் எஞ்சின் ஓடும். திறப்பைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகும் முறையை 1949 இல் கிறைஸ்லர் கம்பனி கொண்டு வந்தது. இந்த முறை பரவப் பரவ, கதவும் எஞ்சினும் விரலளவு உலோகத் துண்டுக்குள் வந்துவிட்டன. அது தொலைந்தால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். அதனால்தான் மனிதன் இன்னொரு திறப்பை வண்டியிலேயே ஒளிக்கப் பழகினான்.

ஒளித்த இடங்கள் என்ன? டயருக்கு மேலே, பம்பருக்கு உள்ளே, பெட்ரோல் மூடிக்குப் பின்னே, இலக்கத் தகட்டுக்குப் பின்னே. உலகம் முழுக்க இதே இடங்கள்தான். நமக்குத் தெரிந்த இடம் கள்வனுக்கும் தெரியும்.

அடுத்த மாற்றம் 1990களில் வந்தது. திறப்பின் தலைக்குள் சிறிய சிப் வைத்தார்கள். வண்டிக்கு அந்தச் சிப்பைத் தெரியாவிட்டால் எஞ்சின் ஓடாது. 1998 இல் ஜேர்மனியும் பிரித்தானியாவும் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. சிப் உள்ள வண்டிக்கு, சிப் இல்லாத வெறும் உலோகத் திறப்பொன்றை வெட்டி எடுத்து ஒளித்து வைக்கலாம். அது கதவைத் திறக்கும், எஞ்சினை ஓட்டாது. உள்ளே மாட்டிய திறப்பை எடுக்க அது போதும். கள்வன் கையில் அகப்பட்டாலும் அதை வைத்து வண்டியை ஓட்டிப் போக முடியாது.

ஜப்பானிலிருந்து வரும், பொத்தானை அமர்த்தி ஓட்டும் வண்டிகளில் கதை வேறு. அந்த ஸ்மார்ட் திறப்பை அப்படியே வண்டியில் ஒளித்தால், திறப்பு பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து வண்டி யாருக்கும் கதவைத் திறந்துவிடலாம். ஒளிப்பதென்றால் பெட்டரியைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் உப்புக் காற்றையும் மறக்கக் கூடாது. துருவேறிய இரும்பிலும் பிளாஸ்டிக் பம்பரிலும் காந்தம் நிற்காது. பொலித்தீனில் பொதிந்து, மீன்பிடி நைலோன் நூலால் சேசிஸின் உட்பக்கத்தில் கட்டுங்கள். சூடேறும் சைலன்சருக்குக் கிட்ட வேண்டாம். மாதம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார் மக்கள் பலர் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு ஒக்டோபர் 30 இல் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். அவர்களும் தரை வழியாகப் புத்தளம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் இவர். காரை விட்டுவிட்டு வந்தார். கையில் ஒரு திறப்பு. மற்றது காரின் அடியில் கம்பியால் கட்டியிருந்தது. அது இருக்கும் இடம் அவரைத் தவிரப் பக்கத்து வீட்டுத் தமிழ் ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். கார் பழுதானால் தள்ளிவிட வருபவர் அவர்தானே!

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு போய்ப் பார்த்தார். கார் இல்லை. யார் கொண்டு போனார்கள் என்றும் தெரியாது. பக்கத்து வீட்டு ஐயா இருந்தார். சுகம் விசாரிக்கும் முன்பே, "நான் அந்தத் திறப்பைத் தொடவுமில்லை, ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை, தம்பி" என்றாராம்.

பத்தொன்பது வருடம் அவர் அந்தச் சொல்லை வைத்திருந்திருக்கிறார். எங்கள் பெரியவர் இதைச் சொல்லும்போது காரைப் பற்றி அழுததில்லை. இந்த இடத்தில்தான் குரல் உடையும். இதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம்.

எனவே திறப்பை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கும்போது, அதை யாரிடம் சொல்லி வைப்பது என்றும் யோசியுங்கள். ஒரே ஒருவர் போதும். பிறகு இன்று அஸருக்குப் பின் போய்க் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வேன்கார நானா பார்த்துவிட்டார்.