19,569 விடைகள், 121 மொழிகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘தாய்மொழி எது?’ என்ற வினாவிற்குக் கிடைத்த பெயர்கள் 19,569. பதிவாளர் அலுவலகம் அவற்றைச் சீர்செய்து 1,369 தாய்மொழிகளாக்கியது. இனங்காண இயலாத 1,474 பெயர்களைத் தனியே ஒதுக்கியது. 10,000 பேருக்குக் குறையாமல் பேசும் 270 தாய்மொழிகளை மட்டும் எடுத்து, 121 மொழிகளுக்குள் அடக்கி வெளியிட்டது. நேர்காணல் வரிகளுக்கு ஆய்வு மாணவர் குறியீடு இடும் அதே பணிதான் இது. அளவு மட்டுமே வேறு.

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், வாதிடக் கூடாது என்பது கணக்கெடுப்பாளருக்கு இடப்பட்ட விதி. ஆகவே, பொருள்கொள்ளும் பொறுப்பு முழுவதும் குறியீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. ‘போஜ்புரி’ என்ற விடை எந்த ஊர் மேசைக்குப் போனாலும் இந்தியின்கீழ்தான் சேரும். பட்டியல் அப்படிச் சொல்கிறது. குறியீடு இடுவோரிடையிலான இணக்கத்தை அளக்க ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா அளவை இங்கே பொருத்திப் பார்த்தால் மதிப்பெண் குறைய வழியே இல்லை. நம்பகத்தன்மைக்குக் குறைவில்லை. ஏற்புடைமை?

52.83 கோடி என்று அறிவிக்கப்பட்ட இந்தி பேசுவோருள் ‘இந்தி’ என்ற தாய்மொழிப் பெயரின்கீழ் வருவோர் 32.22 கோடி. போஜ்புரி மட்டும் 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி 2.58 கோடி. மொழியியல் வகைப்பாடுதான் இதற்கு அடிப்படை என்றும் கூறிவிட முடியாது. போஜ்புரி, மகஹி, மைதிலி மூன்றையும் கிரியர்சன் இந்தியில் சேர்க்கவில்லை. ‘பீகாரி’ என்று தாமே ஒரு தலைப்பிட்டு அதன்கீழ் வைத்தார். (பேசுவோர் தம் மொழிக்கு வழங்கிய பெயரன்று அது.)

இவற்றுள் மைதிலியின் கதை தெளிவானது. 1991-இல் அது இந்திக்குள் எண்ணப்பட்டது. 2001 கணக்கெடுப்பு நடந்தது அவ்வாண்டு பிப்ரவரியில். மைதிலியை எட்டாம் அட்டவணையில் சேர்த்த 92-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியதோ 2003 டிசம்பரில். அதன்பின் வெளிவந்த 2001 அட்டவணைகளில் மைதிலி 1.21 கோடிப் பேரின் தனிமொழி. மக்கள் ஏற்கெனவே விடை சொல்லி முடித்திருந்தார்கள். தரவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. குறியீட்டுப் பட்டியல் மாறியது.

எல்லாப் பழியையும் மேசைமேல் போடுவதும் முறையன்று. 1951-இல் பஞ்சாபில் மொழிப் பூசல் முற்றியிருந்தது. பஞ்சாபி பேசும் இந்துக்கள் பலர் தம் தாய்மொழி இந்தி என்றே பதிவு செய்தனர். முடிவில் அப்பகுதிகளுக்கு இந்தி, உருது, இந்துஸ்தானி, பஞ்சாபி, பஹாரி ஆகியவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக வெளியிட்டது அரசு. மொழியைப் பற்றிய வினாவிற்கு மக்கள் அடையாளத்தை விடையாகத் தந்தபோது, எத்தனை தேர்ந்த குறியீட்டாளர் இருந்தும் அதைப் பிரித்தெடுக்க இயலவில்லை.

1961 அட்டவணைகளில் 1,652 தாய்மொழிப் பெயர்கள் உள்ளன; ஒரு கை விரல்களுக்குள் எண்ணத்தக்க சிலரே சொன்ன பெயர்களும் அவற்றில் உண்டு. அந்த வகைப்பாட்டை ஏற்காத ஆய்வாளர் அதே பெயர்களைக் கொண்டு வேறொரு வகைப்பாட்டைச் செய்து பார்க்கலாம். 1971-இல் 10,000 என்ற வரம்பு வந்தது. அதற்குக் கீழானவை ‘பிற’ என்ற ஒரே சொல்லுக்குள் போயின.