யமல் தீபகற்பத்தின் துருவமான் மேய்ச்சல்

ரஷ்யாவின் வடமேற்குச் சைபீரியாவில், காரா கடலுக்குள் ஏறத்தாழ 700 கி.மீ. நீண்டு கிடக்கிறது யமல் தீபகற்பம். அங்கே நெனெட்ஸ் மக்கள் வழிவழியாகச் செய்துவரும் நாடோடித் தொழில் துருவமான் மேய்ச்சல். மானின் இறைச்சி அவர்களுக்கு உணவு. அதன் தோல்தான் உடையும் ‘சும்’ எனப்படும் கூம்புக் கூடாரமும். போக்குவரத்துக்கு மான் இழுக்கும் சறுக்குவண்டி. கோடையில் வடக்கே கடலோர மேய்ச்சல் நிலத்துக்கும் குளிர்காலத்தில் தெற்கே காட்டோரத்துக்கும் மந்தையோடு குடும்பமும் புறப்பட்டுவிடும். சில குடும்பங்கள் ஆண்டுக்கு 1,000 கி.மீ.க்கு மேல் பயணம் செய்கின்றன.

ஆதியில் நெனெட்ஸ் மக்கள் வண்டி இழுக்கச் சில மான்களை மட்டுமே வளர்த்தார்கள். இறைச்சிக்குக் காட்டுமான்களை வேட்டையாடினார்கள். 18ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பெருமந்தைகள் உருவாயின. 1930களில் சோவியத் அரசு மந்தைகளைக் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்தது. பின்னர் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஆயினும் யமலில் சொந்த மந்தையும் அழியவில்லை, இடப்பெயர்வும் நிற்கவில்லை. 1971இல் பவனென்கோவோவில் பெரும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டு, 2012இல் உற்பத்தி தொடங்கியது. குழாய்களும் ரயில்பாதையும் மேய்ச்சல் வழிகளில் குறுக்கிட்டன. மேய்ப்பர்கள் தங்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள்.

பருவநிலை மாற்றம் கொண்டுவந்த இடர் வேறு வகை.

1979க்குப் பின் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்திருக்கிறது. பேரன்ட்ஸ், காரா கடல்கள் இப்போது தாமதமாகவே உறைகின்றன. உறையாத நீர்ப்பரப்பிலிருந்து எழும் ஈரக்காற்று, பனி பொழிய வேண்டிய நவம்பரில் மழையைக் கொண்டுவருகிறது. பனியின் மேல் விழுந்த மழைநீர், பின்தொடரும் கடுங்குளிரில் கெட்டித் தகடாக இறுகிவிடுகிறது. துருவமான் குளம்பால் பனியைப் பறித்து அடியிலுள்ள லைக்கனைத் தின்று பிழைப்பது. இந்தத் தகட்டை அதனால் உடைக்க முடியாது. 2006 நவம்பரில் பெய்த மழையை அடுத்து சுமார் 20,000 மான்கள் இறந்தன. 2013 நவம்பர் மழைக்குப் பின் பட்டினியால் மடிந்தவை 61,000. மந்தையைப் பறிகொடுத்த குடும்பங்கள் மீன்பிடித்து வயிறு வளர்த்தன. இனவிருத்திக்கு மற்றவர்களிடம் மான்களை இரவல் வாங்கின.

2016 கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டது. ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண் வழக்கத்தைவிட ஆழமாக இளகியது. பழைய சடலங்களோடு அதில் புதைந்திருந்த நுண்ணுயிரிகள் வெளிப்பட்டதாலேயே, 1941க்குப் பின் யமலில் காணாத அடைப்பான் நோய் மீண்டும் பரவியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2,000க்கும் மேற்பட்ட மான்கள் மாண்டன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தான். 2007இல் கைவிடப்பட்ட தடுப்பூசி அதன்பின் மீண்டும் போடப்பட்டது.

கொள்ளைநோய்க்குப் பின் மந்தைகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அரசுத் தரப்பில் வலுத்தது. இதற்கிடையில் எரிவாயுத் தொழிலும் விரிந்தது. 2017 டிசம்பரில் சபெட்டா துறைமுகத்திலிருந்து திரவ எரிவாயுக் கப்பல்கள் புறப்படத் தொடங்கின. ஓரிடத்தைப் பனித்தகடு மூடினால் வேறிடம் தேடிப் போவதே மேய்ப்பர்களுக்கு இருக்கும் தற்காப்பு. அதற்குத் திறந்த வழித்தடங்களும் மாற்று மேய்ச்சல் நிலமும் வேண்டும். மந்தையின் அளவைப் பற்றிய எந்த முடிவும் இந்தத் தேவையையும் கணக்கில் கொண்டால்தான் நெனெட்ஸ் மக்களுக்கு நியாயமாக இருக்கும்.