ஒரு மாணவர் இடத்தின் விலை: போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பள்ளிக் கட்டடச் செலவுக் கட்டுப்பாடு

முன்னுரை

பொதுப் பள்ளிகளைக் கட்டும் செலவைக் குறைப்பது என்றால் வகுப்பறையின் பரப்பைச் சுருக்குவது அல்லது தரம் குறைந்த பொருள்களைப் பயன்படுத்துவது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் நடைபெற்ற பள்ளிக் கட்டடப் பணி இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அங்கு 1950ஆம் ஆண்டுக்குப் பின் கட்டடச் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் கற்பித்தலுக்கான இடம் பெரும்பாலும் காக்கப்பட்டது. ஸ்டூவர்ட் மெக்லூர் 1984இலும் ஆண்ட்ரூ செயின்ட் 1987இலும் வெளியிட்ட நூல்கள் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்து, அதனைப் பொதுநலக் கட்டடக்கலையின் சாதனையாக மதிப்பிட்டுள்ளன. அம்மதிப்பீட்டை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. செலவை அளக்கத் தேர்ந்துகொள்ளப்பட்ட அலகே எங்குச் சிக்கனம் நிகழும் என்பதையும் எது கணக்குக்கு வெளியே நிற்கும் என்பதையும் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தேவையும் தட்டுப்பாடும்

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அனைவருக்கும் இடைநிலைக் கல்வி என்னும் கொள்கையை ஏற்றது. அச்சட்டத்தின்படி 1947 ஏப்ரலில் பள்ளியை விட்டு விலகுவதற்கான வயது 14இலிருந்து 15ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 8,81,000 குழந்தைகள் பிறந்தனர். ஐந்து வயதில் கட்டாயக் கல்வி தொடங்கும் நாட்டில் இவர்கள் 1952இல் பள்ளிக்கு வருவர் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. போரில் பல பள்ளிகள் சேதமடைந்திருந்தன. புதிய குடியிருப்புகள் எழுந்த பகுதிகளில் பள்ளிகளே இல்லை. எஃகு, மரம், கொத்தனார்கள் ஆகிய அனைத்திலும் தட்டுப்பாடு நிலவியது. கிடைத்தவற்றுக்கு வீட்டுவசதித் திட்டங்களும் போட்டியிட்டன. விலகல் வயதை உயர்த்தியதால் எழுந்த நெருக்கடியைச் சமாளிக்க அரசு முதலில் ‘ஹோர்சா’ என்னும் திட்டத்தின்கீழ் முன்வார்ப்புக் கொட்டகைகளைப் பள்ளி வளாகங்களில் நிறுவியது. அது உடனடித் தேவைக்கான ஏற்பாடே அன்றி நிலையான தீர்வன்று.

ஹார்ட்ஃபோர்டுஷயர் முன்மாதிரி

லண்டனுக்கு வடக்கே உள்ள ஹார்ட்ஃபோர்டுஷயரில் வேறொரு வழி உருவாயிற்று. சி. எச். ஆஸ்லின் தலைமையிலான கட்டடக்கலைத் துறையில் ஸ்டிராட் ஜான்சன்-மார்ஷல், டேவிட் மெட், மேரி குரோலி முதலியோர் பணியாற்றினர். இவர்கள் ஒரே வரைபடத்தை எல்லா ஊர்களிலும் திரும்பக் கட்டவில்லை. 8 அடி 3 அங்குலக் கட்டங்களை அடிப்படையாகக் கொண்ட எஃகுச் சட்டகப் பகுதிகளைத் தொழிற்சாலையில் செய்வித்து, அவற்றை ஒவ்வொரு பள்ளியின் தேவைக்கேற்ப வெவ்வேறு வகையில் இணைத்தனர். திட்டம் ஆண்டுதோறும் தொடரும் என்ற உறுதி இருந்ததால் பகுதிகளை மொத்தமாகச் செய்விக்க முடிந்தது. ஒரு பள்ளியில் கண்ட குறையை அடுத்த பள்ளியில் திருத்தவும் முடிந்தது.

செலவு வரம்பும் அதன் அலகும்

ஜான்சன்-மார்ஷல் 1948இல் கல்வி அமைச்சகத்தின் தலைமைக் கட்டடக்கலைஞரானார். அமைச்சகத்தின் கட்டடக்கலை மற்றும் கட்டடப் பிரிவை அவரும் நிர்வாக அலுவலரான ஆன்டனி பார்ட்டும் இணைந்து வழிநடத்தினர். வரைபவரும் பணத்தைக் கணக்கிடுபவரும் ஒரே பிரிவில் சமநிலையில் அமர்ந்தது இங்குக் குறிப்பிடத்தக்கது.

1950ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு அமைச்சகம் விதித்த உச்சவரம்பு தொடக்கப் பள்ளியில் ஒரு மாணவர் இடத்துக்கு 170 பவுண்டு. இடைநிலைப் பள்ளியில் 290 பவுண்டு. 1951ஆம் ஆண்டுத் திட்டத்தில் இவை முறையே 140, 240 பவுண்டுகளாகக் குறைக்கப்பட்டன. ஓராண்டில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலான இக்குறைப்பு, கட்டுமானப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் செய்யப்பட்டது.

இவ்வரம்பு சதுர அடிக்கு விதிக்கப்படவில்லை; மாணவர் இடத்துக்கு விதிக்கப்பட்டது. சதுர அடிக்கு விலை நிர்ணயித்தால் கட்டுபவர் மலிவான பொருளைத் தேடுவார். கட்டடத்தின் மொத்தப் பரப்பைப் பற்றிக் கவலைப்படமாட்டார். மாணவர் இடத்துக்கு விலை நிர்ணயித்தால் ஒவ்வொரு சதுர அடியும் தேவையா என்னும் கேள்வி எழும். 1930களின் பள்ளிகளில் வகுப்பறைகள் நீண்ட நடைவழிகளின் ஓரமாக வரிசையாக அமைந்திருந்தன. புதிய வரம்பின்கீழ் முதலில் சுருங்கியவை இந்நடைவழிகளே. உணவுக்கூடம் பிற பயன்களுக்கும் ஏற்றதாக அமைக்கப்பட்டது. மேலங்கிகளை மாட்டும் அறைகள் சிறியவையாயின. கூரையின் உயரம் குறைந்தது. 1951ஆம் ஆண்டின் விதிமுறைகள் பல அறைகளின் அளவுகளைத் தனித்தனியே கட்டாயமாக்குவதைத் தளர்த்தின. ஆனால் கற்பித்தல் பரப்புக்குக் குறைந்தபட்ச அளவை வலியுறுத்தின. மேலே ஒரு விலை வரம்பு, கீழே ஒரு பரப்பு வரம்பு. இரண்டுக்கும் இடையே வடிவமைப்பவருக்குச் சுதந்திரம். சிக்கனத்தின் சுமை வகுப்பறையின் மீது விழாமல் தடுத்தது இந்த இரட்டை ஏற்பாடே.

இதற்குக் கணக்கீட்டு முறையும் துணை நின்றது. ஹார்ட்ஃபோர்டுஷயரிலிருந்து அமைச்சகத்துக்கு வந்த கட்டட மதிப்பீட்டாளர் ஜேம்ஸ் நிஸ்பெட், அடித்தளம், சட்டகம், கூரை, சன்னல், வெப்பமூட்டல் என ஒவ்வொரு கூறுக்கும் ஆகும் செலவைப் பிரித்துக் காணும் முறையை வளர்த்தெடுத்தார். 1951இல் அமைச்சகம் வெளியிட்ட நான்காவது கட்டட அறிக்கை இம்முறையை விளக்கியது. வரைபடம் முடிந்தபின் விலை கேட்கும் வழக்கம் மாறி, விலையை முதலில் கூறுகளுக்குப் பங்கிட்டு, அதற்குள் வரையும் வழக்கம் தோன்றியது.

கணக்குக்கு வெளியே நின்றவை

மாணவர் இடத்தின் விலை என்பது கட்டி முடிக்கும் நாள் வரையிலான விலை மட்டுமே. கட்டுமானத்துக்கான மூலதனத்தை உள்ளாட்சி மன்றங்கள் மைய அரசின் ஒப்புதலுடன் கடனாகப் பெற்றன. பராமரிப்பும் வெப்பமூட்டலும் ஆண்டு வருவாயிலிருந்து செலவு செய்யப்பட்டன. முதற்செலவில் மிச்சப்படுத்தியது பின்னாளில் பழுதுபார்ப்பாகத் திரும்பி வந்தாலும், அது வரம்பின் கணக்கில் பதிவாகவில்லை. மெல்லிய சுவர்களும் அகன்ற கண்ணாடிப் பரப்புகளும் தட்டைக் கூரைகளும் முதற்செலவைக் குறைத்தன; குளிர்காலத்தில் வெப்ப இழப்பையும் மழைக்காலத்தில் ஒழுக்கையும் பள்ளிகளுக்கு விட்டுச்சென்றன.

1957இல் நாட்டிங்ஹம்ஷயரின் முன்முயற்சியில் உருவான ‘கிளாஸ்ப்’ கூட்டமைப்பு இவ்விரு பக்கங்களையும் காட்டுகிறது. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் தாழும் பகுதிகளில் முறியாமல் அசைந்துகொடுக்கும் எஃகுச் சட்டகத்தை அது பயன்படுத்தியது. பல உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கியதால் விலை குறைந்தது. 1960இல் மிலான் கண்காட்சியில் அதன் பள்ளி உயரிய பரிசைப் பெற்றது. அவ்வகைக் கட்டடங்களில் தீத்தடுப்புக்காகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட கல்நார், பிற்காலத்தில் உடல்நலக் கேடாக அறியப்பட்டுப் பெருஞ்செலவை உண்டாக்கியது.

‘ராக்’ எனப்படும் எடை குறைந்த காற்றடைக் கான்கிரீட் பலகைகளின் வரலாறும் இத்தகையதே. 1950களிலிருந்து தட்டைக் கூரைகளில் இவை இடப்பட்டன. 2018இல் கென்ட் பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றின் கூரை விடுமுறை நாளில் இடிந்து விழுந்தது. 2023 ஆகஸ்ட் 31 அன்று, கல்வியாண்டு தொடங்கச் சில நாள்களே இருந்த நிலையில், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தம் கட்டடப் பகுதிகளை மூடுமாறு பணிக்கப்பட்டன. இதற்குச் செலவு வரம்பை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மருத்துவமனைகளிலும் இப்பொருள் பயன்பட்டது. பிந்தைய அரசுகள் சீரமைப்பைத் தள்ளிப்போட்டதற்கும் பங்குண்டு. எனினும் பொருளின் ஆயுளைக் கணக்கில் கொள்ளாத அளவுகோல் அத்தகைய பொருளைத் தடுக்கும் ஆற்றலைப் பெற்றிருக்கவில்லை.

முடிவுரை

இங்கிலாந்தின் பட்டறிவிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, செலவு வரம்பு நல்ல பள்ளிக்குப் பகையன்று. எதைக் குறைக்கக் கூடாது என்னும் விதியும் உடனிருந்தால் அது வடிவமைப்பைச் செம்மைப்படுத்தும். மற்றொன்று, அவ்விதி கற்பித்தல் பரப்பைக் காத்தது. கட்டடத்தின் ஆயுளைக் காக்கவில்லை. ஒரு மாணவர் இடத்தை 140 பவுண்டுக்குக் கட்டியவர்கள், அவ்விடத்தை எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டினர் என்பதையும் சேர்த்தே அச்சாதனை மதிப்பிடப்பட வேண்டும். எனவே பொதுக் கட்டட வரலாற்றை ஆராய்வோர் கட்டுமானக் கணக்குகளோடு பழுதுபார்ப்புக் கணக்குகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது இன்றியமையாதது.