மருந்தைத் தொடர்தலும் நிறுத்தலும்: தமிழகத்தில் உளப்பிறழ்வு மருத்துவத்தின் வரலாறும் கிளியனூர் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

உளப்பிறழ்விலிருந்து நலம் பெற்றவர் மருந்தைத் தொடர வேண்டுமா, நிறுத்தலாமா என்னும் வினா, குளோர்ப்ரோமசின் புழக்கத்திற்கு வந்த 1950களுக்குப் பின்னரே எழுந்ததாகும். தமிழ் மருத்துவ மரபில் மருந்துண்ணலுக்குத் தொடக்கம் இருந்ததைப் போலவே முறைப்படுத்தப்பட்ட முடிவும் இருந்தது. நவீன உளமருத்துவம் தொடக்கத்தை விரிவாக வகுத்தது. முடிவை அவ்வாறு வகுக்கவில்லை. இவ்விடைவெளியின் வரலாற்றையும், மரக்காணம் உப்பளப் பகுதியை அடுத்துள்ள கிளியனூர் வட்டாரச் சூழலில் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உளப்பிறழ்வு, மனச்சிதைவு, மண்டலம், மறுபத்தியம், கீழ்ப்பாக்கம், மரக்காணம் உப்பளம்.

முன்னுரை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழ் வழக்கு. மருந்து என்பது முடிவுடைய ஒன்று என்னும் எண்ணம் இதில் பொதிந்துள்ளது. சித்த மருத்துவத்தில் மருந்துண்ணும் காலம் ‘மண்டலம்’ என வரையறுக்கப்பெற்றது. பெரும்பாலும் அது 48 நாள்களைக் குறிக்கும். மருந்து முடிந்த பின்னரும் சில நாள்கள் கடைப்பிடிக்கும் ‘மறுபத்தியம்’, இயல்பு உணவுக்கும் வாழ்வுக்கும் படிப்படியாகத் திரும்பும் முறையாகும். ஆகவே மருந்தை நிறுத்துதலும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநோயாளர் 48 நாள்கள் தங்கும் வழக்கமும் இக்கால அளவைத் தழுவியதே. நலம் பெற்ற பின்னரும் ஆண்டுக்கணக்கில் மருந்துண்ண வேண்டும் என்னும் கோரிக்கை, இம்மரபுக்கு முற்றிலும் புதியதாக வந்து சேர்ந்தது.

காப்பகத்திலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு

சென்னையில் மனநோயாளருக்கான முதல் காப்பகத்தை வாலன்டைன் கொனொலி 1794இல் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் மருத்துவத்தின் முதன்மையான கருவி சுவரே. உள்ளே இருப்பதும் வெளியேறுவதுமே வினாக்களாக இருந்தன. மருந்தைத் தொடர்தல் என்னும் சிக்கலுக்கு அங்கு இடமில்லை.

மருந்து வழியிலான மாற்றத்தின் ஒரு வேர் இந்தியாவிலேயே இருந்தது. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் சர்ப்பகந்தா பயன்படுவதை 1931இல் எழுதினர். அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதே 1952இல் பாரிசில் ழான் தெலேயும் பியர் தெனிக்கரும் குளோர்ப்ரோமசினின் விளைவை வெளியிட்டனர். இம்மருந்துகள் இந்திய மருத்துவமனைகளுக்கும் வந்த பின்னர், நோயாளர் வீடு திரும்புதல் பரவலாகச் சாத்தியமாயிற்று. வீடு திரும்பியவர் கையில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது. காப்பகச் சுவரின் இடத்தை நாள்தோறும் உண்ணும் மாத்திரை எடுத்துக்கொண்டது. தொடர்வதா நிறுத்துவதா என்னும் வினா இப்பெயர்ச்சியில் பிறந்தது.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய மருத்துவர் எம். சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். மருத்துவமனைக்கு வெளியே நோயாளர் வாழ்வு எவ்வாறு தொடர்கிறது என்பதை நெடுங்காலம் நோக்கும் ஆய்வுகளுக்கு அந்நிறுவனம் களமாயிற்று.

சென்னை ஆய்வுகள் காட்டுவன

1981–82இல் முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைத் தொடர்ந்து நோக்கிய சென்னை நெடுங்கால ஆய்வு, இந்திய உளமருத்துவ வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. பத்தாண்டு முடிவில் 76 பேரின் நிலை மதிப்பிடப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் நோய்ப்போக்கு சாதகமாக இருந்தது: சிலருக்கு நோய் மீளவில்லை, சிலருக்கு மீண்டும் மீண்டும் தணிந்தது. மனச்சிதைவு என்றால் வாழ்நாள் சீர்குலைவே என்னும் கருத்தை இம்முடிவு தளர்த்தியது.

இதற்கு எதிர்முனையில் 1998இல் வெளியான மற்றொரு சென்னை ஆய்வு நிற்கிறது. நகர்ப்புறச் சமூகத்தில் கண்டறியப்பட்ட மனச்சிதைவு நோயாளருள் கால்பகுதிக்கும் மேற்பட்டோர் எந்த மருத்துவமும் பெறாதவர்கள். அவர்களிடம் நோய்க்குறிகளும் இயலாமையும் மிகுதியாகக் காணப்பட்டன. மருந்தின்றி நலமாக இருக்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோருக்கு இவ்வாய்வு தக்க மறுமொழி ஆகும்.

கோயில் சார்ந்த சான்றையும் கருதவேண்டும். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரை, மருந்தின்றிச் சராசரியாக ஆறு வாரம் தங்கியோரிடம் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. ஆயினும் அது குறுங்கால அளவீடு. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் தீயில் கருகி இறந்தனர். அடைக்கலம் என்பது பரிவாகவும் சிறையாகவும் அமையக்கூடும் என்பதை இவ்விரு சான்றுகளும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

உலகளாவிய விவாதம்

65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான பகுப்பாய்வு, ஓராண்டளவில் மருந்தைத் தொடர்ந்தோருள் 27 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியோருள் 64 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டதாகக் கணித்தது. இதற்கு மறுதலையாக, நெதர்லாந்தில் ஏழாண்டு தொடர்ந்த ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. மருந்தை இயன்றவரை குறைத்து நிறுத்த முயன்ற குழுவில் 40.4 விழுக்காட்டினரும், தொடர்ந்த குழுவில் 17.6 விழுக்காட்டினரும் முழுமையான மீட்சி அடைந்திருந்தனர். இதை வைத்து எழுந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. ஹாங்காங் ஆய்வின் பத்தாண்டு முடிவு 2018இல் வந்தது. தொடக்கத்திலேயே மருந்தை நிறுத்தியோருள் 39 விழுக்காட்டினரும், தொடர்ந்தோருள் 21 விழுக்காட்டினரும் மோசமான நிலையை அடைந்திருந்தனர். 253 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற ஆய்வு 2023இல், படிப்படியாகக் குறைத்தல் ஈராண்டளவில் சமூக வாழ்வை மேம்படுத்தவில்லை என்றும், நோய் மீளுதலைக் கூட்டியது என்றும் தெரிவித்தது.

இவ்வெண்களிலிருந்து பெறத்தக்க முடிவு வரம்புடையது. நிறுத்துவோரில் பெரும்பகுதியினருக்கு இடர் உண்டு. ஒரு பகுதியினருக்கு இல்லை. அப்பகுதியினர் யாவர் என்பதை முன்கூட்டியே அறியும் வழி இல்லை. எனவே நிறுத்துதல் எங்கே, யார் மேற்பார்வையில், எவ்வளவு மெதுவாக நிகழ்கிறது என்பதே முதன்மை பெறுகிறது.

கிளியனூர் வட்டாரச் சூழல்

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்தது கிளியனூர். வடகிழக்கே மரக்காணம் உப்பளங்கள் உள்ளன. தெற்கே, புதுச்சேரியை ஒட்டிய கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியே அதன் முன்னோடி. மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆயினும் நாட்கூலியாளருக்கு மருந்து வாங்கும் நாள் கூலி இழக்கும் நாள் ஆகும். நோயாளருடன் துணை செல்பவரின் கூலியும் அன்று இழப்பாகிறது.

உப்பளத் தொழிலுக்கும் இம்மருந்துகளுக்கும் இடையே நேரடியான முரண் உள்ளது. உப்பு விளைய வேண்டுமானால் வெயில் காய வேண்டும். தொழிலாளர் அவ்வெயிலிலேயே உப்பை வாருகின்றனர். உளப்பிறழ்வு மருந்துகள் உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடியவை. குளோர்ப்ரோமசின் தோலை வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படச் செய்யும். கைநடுக்கத்திற்காகச் சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கும். உறக்கமும் தளர்ச்சியும் வேலைத்திறனைப் பாதிக்கும். இந்நிலையில் மாத்திரையைத் தவிர்க்கும் தொழிலாளியை அறியாமையுடையவர் எனல் பொருந்தாது. அவர் தம் உடலைக் கொண்டு ஒரு கணக்கிடுகிறார். அக்கணக்கைக் கேட்டறிய ஆள் இல்லாததால் அதைத் தனியாகவும் திடீரெனவும் செயல்படுத்துகிறார். திடீர் நிறுத்தமே இடர் மிக்கது.

வட கிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். வெயில் தணியும் அம்மாதங்களில் மருந்தின் உடல் இடர் குறைகிறது, வருவாயோ நின்றுவிடுகிறது. மருந்தளவை மறுபரிசீலனை செய்யும் காலமும் பணமின்மையால் மருந்து விடுபடும் காலமும் ஒன்றாகின்றன.

சட்டமும் பதிவேடும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இன்றியமையா மருந்துகளை அரசு நிலையங்களில் கட்டணமின்றிப் பெறும் உரிமையை அளிக்கிறது. தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தருகிறது. மருந்தைப் பெறும் உரிமை தெளிவாக உள்ளது. அதைத் துணையுடன் குறைத்து முடிக்கும் முறையோ தனியாக வகுக்கப்படவில்லை. மருந்து வாங்க வராதவர் ‘தொடர்பறுந்தவர்’ என்று மட்டுமே எண்ணப்படும்போது, நலத்துடன் நிறுத்தியவரும் நோய் மீண்டு வீட்டில் அடைபட்டவரும் ஒரே பெயரில் மறைகின்றனர். முன்னவரிடமிருந்து கற்கவும் பின்னவரைத் தேடிச் செல்லவும் வழி அடைபடுகிறது.

முடிவுரை

தமிழ் மருத்துவ மரபின் மறுபத்தியம் அளிக்கும் படிப்பினை, மருந்து விரைவில் முடிய வேண்டும் என்பதன்று. முடிவும் மருத்துவரின் கண்முன் நடைபெற வேண்டும் என்பதே. பலருக்கு அம்முடிவு வாழ்நாளில் வராமலே போகலாம். அதனையும் அவருடன் பேசியே தீர்மானித்தல் வேண்டும். கிளியனூர் போன்ற ஊர்களில் உப்பளப் பருவத்தைக் கணக்கில் கொண்டு மருந்தளவையும் வகையையும் மாற்றுதல், வேலை நாளைப் பாதிக்காத நேரத்தில் மருந்து வழங்குதல், குறைக்க விரும்புவோரின் விருப்பத்தைப் பதிந்து மாதந்தோறும் நோக்குதல் ஆகியவை மாவட்ட மனநலத் திட்டத்திற்கு எட்டாதவை அல்ல. நிறுத்த விரும்புகிறேன் என்று சொல்ல முடிந்த நோயாளரே, நோய் மீளும்போதும் தயக்கமின்றித் திரும்பி வருவார்.