தாய் கொடுத்த பாத்திரம்

அன்புக்குப் பகை எது என்று கேட்டால், வெறுப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் 'விசுத்திமக்க' என்ற பாலி நூலை எழுதிய புத்தகோசர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மைத்திரிக்கு இரண்டு பகைவர்கள் என்கிறார் அவர். வெறுப்பு, மலைக்காட்டில் பதுங்கியிருக்கும் தூரத்துப் பகைவன். ஆசையோ கூடவே திரியும் பக்கத்துப் பகைவன். அன்பைப் போலவே அதுவும் அடுத்தவரின் நல்ல குணத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே எளிதில் அடையாளம் தெரிவதில்லை.

பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று நினைப்பது ஒன்று. என் கண்ணெதிரில், என் சொற்படி நடந்து நன்றாக இருக்கவேண்டும் என்று நினைப்பது வேறொன்று. நம் வீடுகளில் இரண்டுக்கும் பாசம் என்றே பெயர். முக்கால்வாசிக் குடும்பச் சண்டைகள் இந்தப் பெயர்க் குழப்பத்தில் பிறந்தவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மைத்திரி பாவனையை மிகவும் பிரியமானவரிடம் தொடங்காதே என்கிறார் புத்தகோசர். அவருக்குச் சிறு துன்பம் வந்தாலும் அழுகை வந்துவிடுமாம். பகைவனிடமும் தொடங்காதே, கோபம் வந்துவிடும். முதலில், 'நான் சுகமாக இருக்கவேண்டும்' என்று உன்னிடமே தொடங்கு; உன்னைப் போலத்தானே பிறரும் சுகத்தை விரும்புகிறார்கள் என்கிறார்.

பகைவனிடம் வரும்போது கோபம் தணியவில்லை என்றால்? பல உபாயங்கள் சொல்லிவிட்டு, கடைசியாக, அவனுக்கு ஏதாவது கொடு என்கிறார். அதற்கு ஒரு நிகழ்ச்சியையும் காட்டுகிறார். தென்னிலங்கையில் சித்தலபர்வத விகாரை. அங்கே ஒரு தேரரை மற்றொரு தேரர் மூன்று முறை தங்குமிடத்திலிருந்து எழுப்பிவிட்டார். எழுப்பப்பட்டவர் தம் பிட்சா பாத்திரத்தை எடுத்து, எழுப்பியவரிடமே நீட்டினார். 8 கஹாபணம் பெறுமானமுள்ள பாத்திரம். "உபாசிகையான என் தாய் கொடுத்தது; அவளுக்குப் புண்ணியம் சேரட்டும்" என்றார்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். நானாக இருந்தால் அவர் கையில் வேறு ஏதாவது பொருளைக் கொடுத்திருப்பேன். தாய் தந்ததை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன். பற்றறுப்பது என்றால் உறவை மறப்பது என்றுதான் நாம் பயப்படுகிறோம். அந்தத் தேரரோ தாயை மறந்துவிட்டுப் பாத்திரத்தைக் கொடுக்கவில்லை. அவளை நினைத்துக்கொண்டே, அவளுக்காகவே கொடுத்தார்.